வணிக ஜி.ஐ.எஸ். (கணினி வரைபட) மென்பொருள்: எந்த வேலைக்குப் பணம் கொடுப்பது தகும்?

கொற்றலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னை, தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு சிறிய நிலஅளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவைக் கவனித்து வருகிறேன். மழைநீர் வடிகால் கணக்கெடுப்பு, மணலி, எண்ணூர் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கான சுற்றுச்சூழல் ஆய்வு வரைபடங்கள், வார்டு வாரியான கட்டடக் கணக்கெடுப்பு ஆகியவையே எங்களுக்குப் பெரும்பாலும் வரும் வேலைகள். இதுவரை இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ் கொண்டும், எஸ்ரி நிறுவனத்தின் பழைய வணிக மென்பொருளான ஆர்க்மேப்பின் ஒரே ஓர் உரிமம் கொண்டும் சமாளித்து வந்தோம். இப்போது ஆர்க்மேப்புக்குப் பின் வந்த ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவுக்கு ஆண்டுச் சந்தா கட்டி முழுமையாக அதற்கு மாறிவிடலாம் என்று எங்கள் உரிமையாளர் எண்ணுகிறார். அதன் அடிநிலையான பேசிக் உரிமத்துக்கான விலைப்புள்ளியும் கைக்கு வந்துவிட்டது.

விலை அதிகம் என்பது மட்டும் என் தயக்கத்துக்குக் காரணம் அன்று. பணம் கொடுத்தால் எங்களுக்கு உண்மையில் என்ன கிடைக்கும், கொடுக்காவிட்டால் எதை இழப்போம், ஓராண்டு சந்தா கட்ட இயலாமல் போனால் அதுவரை வரைந்தவை என்ன ஆகும் என்பதை, இரு வகை மென்பொருளிலும் வேலை செய்தவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன். வடிகால் வேலையில் ஒரே அடுக்கை (ஒரு வகைப் பொருள்களின் வரைபடத் தொகுப்பை) பலர் ஒரே நேரத்தில் திருத்த வேண்டியிருக்கிறது. வார்டுக் கூட்டங்களில் மக்கள் பார்க்கும் வரைபடத்தில் தெருப்பெயர்கள் தமிழில் இருந்தாக வேண்டும். இவ்விரண்டையும் மனத்தில் கொண்டு பதில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வடிகால் வரைவாளர் எழுதியது:

வடிகால், குடிநீர்க் குழாய், மின்கம்பி போன்ற வலைப்பின்னல் வேலைகளே வணிக மென்பொருளின் வலு மிகத் தெளிவாகத் தெரியும் இடம். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கொருக்குப்பேட்டையில் ஒரு தெருவின் வடிகாலை வரைவதாகக் கொள்வோம். திரையில் பார்க்கும்போது கோடு மேன்ஹோல் புள்ளியைத் தொடுவதுபோலவே இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் அரை அடி இடைவெளி தெரியும். அச்சிட்ட வரைபடத்தில் அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் 'இந்தத் தெருவில் விழும் மழைநீர் எந்தக் கால்வாயில் போய்ச் சேரும்?' என்று கணினியைக் கேட்டால், அந்த அரை அடியில் நீர் நின்றுவிடும். கோட்டின் முனை மேன்ஹோலில்தான் முடிய வேண்டும், 600 மில்லிமீட்டர் குழாய் 450 மில்லிமீட்டர் குழாய்க்குள் இறங்கினால் எச்சரிக்க வேண்டும், குழாயின் பொருள் என்ற கட்டத்தில் பட்டியலில் உள்ளவற்றைத் தவிர வேறெதையும் தட்டச்சு செய்ய இயலக்கூடாது என்பன போன்ற விதிகளைத் தரவுத்தளத்திலேயே எழுதிவைத்து, எவர் திருத்தினாலும் அவ்விதிகளை மீற முடியாதபடி செய்வதில் ஆர்க்ஜிஐஎஸ்ஸின் வரைபடத் தரவுத்தளமான ஜியோடேட்டாபேஸ் மிக உறுதியானது. ஒவ்வொருவரும் தத்தம் பதிப்பில் திருத்திவிட்டுப் பிறகு ஒன்றிணைக்கும் வசதியும், இருவர் ஒரே கோட்டை மாற்றியிருந்தால் எதைக் கொள்வது என்று கேட்கும் ஒழுங்கும் அதில் நெடுங்காலமாக இருக்கின்றன. 1969-இல் கலிஃபோர்னியாவின் ரெட்லண்ட்ஸில் தொடங்கப்பட்ட எஸ்ரி நிறுவனம், பெரிய நகராட்சிகளும் மின்வாரியங்களும் கேட்டவற்றையெல்லாம் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துச் சேர்த்து வளர்த்த திறன் அது. அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயம் ஆகாது.

ஆனால் உங்கள் கையில் உள்ள விலைப்புள்ளியை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். பேசிக், ஸ்டாண்டர்டு, அட்வான்ஸ்டு என்று உரிமம் மூன்று நிலைகளில் விற்கப்படுகிறது. நான் மேலே சொன்ன, கோடும் புள்ளியும் பொருந்தி நிற்பதற்கான டோபாலஜி விதிகளை உருவாக்கவும், பலர் பகிரும் எண்டர்பிரைஸ் தரவுத்தளத்தை நேரடியாகத் திருத்தவும் குறைந்தது ஸ்டாண்டர்டு நிலை வேண்டும். வடிகால் போன்ற வலைப்பின்னல்களுக்கென்றே அமைந்த யூட்டிலிட்டி நெட்வொர்க்கைப் பலர் சேர்ந்து பயன்படுத்த வேண்டுமானால் எண்டர்பிரைஸ் சர்வரும் அதற்குரிய தனி உரிமங்களும் தேவைப்படும். ஆகவே, எந்த வசதிக்காக உங்கள் உரிமையாளர் மாற விரும்புகிறாரோ அந்த வசதி நீங்கள் வாங்கப்போகும் நிலையில் இல்லை.

நெய்தல் நிலத்தாள் எழுதியது:

மேலே ஐயா சொன்ன கடைசிச் செய்தி மிகவும் முக்கியமானது. விற்பனையாளர் காட்டும் செயல்விளக்கம் எப்போதும் உச்ச நிலை உரிமத்தில்தான் ஓடும். நாம் வாங்குவது அடிநிலையாக இருக்கும். ஆர்க்மேப் காலத்தில், ஒரு வார்டின் பரப்பிலிருந்து குளங்களையும் கால்வாய்களையும் வெட்டி நீக்கும் 'எரேஸ்' என்ற எளிய கருவிக்குக்கூட அட்வான்ஸ்டு உரிமம் கேட்டார்கள். கியூஜிஐஎஸ்ஸில் 'டிஃபரன்ஸ்' என்ற பெயரில் அதே வேலை இலவசமாக இருக்கிறது. உயர வரைபடங்களைக் கையாள ஸ்பேஷியல் அனலிஸ்ட், சாலை வழிகளுக்கு நெட்வொர்க் அனலிஸ்ட் என்று ஒவ்வொன்றும் தனித்தனி நீட்சியாக விலைப்பட்டியலில் ஏறும்.

இதைவிடப் பெரிய குறை, நாம் ஓடாவிட்டாலும் அவர்கள் ஓடும் வேகத்துக்கு நாமும் ஓடியாக வேண்டும் என்பது. எஸ்ரியின் பழைய ஆர்க்வியூ 3 காலத்தில் அவென்யூ என்ற மொழியில் நிரல் எழுதிவைத்தவர்கள், 1999-இன் இறுதியில் ஆர்க்ஜிஐஎஸ் 8 வந்தபோது அவற்றைக் கைவிட்டு வி.பி.ஏ. என்ற நிரல்மொழிக்கு மாறினார்கள். 10-ஆம் பதிப்பில் வி.பி.ஏ. ஓரங்கட்டப்பட்டுப் பைத்தான் மொழி முன்னே வந்தது. 2015-இல் ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ வந்தபோது பைத்தான் 2-இல் எழுதியவற்றை மூன்றாம் பதிப்புக்கு ஏற்பத் திருத்த வேண்டியதாயிற்று. ஆர்க்மேப்புக்கான ஆதரவுக்கு 2026 மார்ச் 1 என்று முடிவு தேதியும் குறிக்கப்பட்டது. பழைய நிரந்தர உரிமத்தில் நிம்மதியாக வேலை பார்த்த சிறிய அலுவலகங்கள் சந்தாவுக்குள் தள்ளப்படுவது இந்த வழியில்தான். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். தண்டையார்பேட்டை அலுவலகத்தில் அந்த வேலை அளவெடுக்கப் போக வேண்டிய ஆளின் தலையில்தான் விழும்.

பலர் ஒரே நேரத்தில் திருத்துவதற்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் அதில் வரைபடத் தரவைச் சேமிக்க உதவும் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சியும் போதும். 2001 முதல் வளர்ந்து வரும் கட்டற்ற மென்பொருள் போஸ்ட்ஜிஐஎஸ். அலுவலகத்தில் ஒரு சாதாரணக் கணினியை சர்வராக வைத்துப் பத்துப் பேர் ஒரே அடுக்கில் வேலை செய்யலாம். களத்தில் கைப்பேசியில் கியூஃபீல்டு என்ற செயலியைப் பயன்படுத்தலாம். ஆனால் இதில் உள்ள இடரையும் மறைக்க மாட்டேன். ஐயா சொன்ன வடிகால் விதிகள் இங்கே பெட்டியைப் பிரித்தவுடன் கிடைப்பவை அல்ல. தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல். அறிந்த ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும், அவர் வேலையை விட்டுப் போனாலும் பிறர் புரிந்துகொள்ளும்படி எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனிப் பதிப்பில் திருத்திப் பிறகு ஒன்றிணைக்கும் ஒழுங்குக்கு ஈடான ஒன்று கியூஜிஐஎஸ்ஸோடு உடன் வருவதில்லை. இந்த ஓர் இடத்தில் வணிக மென்பொருள் முன்னே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திருவொற்றியூர் மாணவன் எழுதியது:

அக்கா, ஒரு சிறு ஐயம். எல்லோருக்கும் பழகிய கூகுள் மேப்ஸிலேயே இவற்றைச் செய்துவிட முடியாதா?

நெய்தல் நிலத்தாள் எழுதியது:

தம்பி, கூகுள் மேப்ஸ் வழி காட்டும் சேவை. அதன் மேல் நம் புள்ளிகளைக் காட்டலாம். ஆனால் அதன் படத்தைப் பார்த்துக் கோடு வரைந்து நம் தரவாகச் சேமிப்பதை அவர்களின் விதிமுறை தடுக்கிறது. இணையதளத்தில் இணைக்கும் சேவைக்கு 2018 ஜூலையில் கட்டண முறை அடியோடு மாறியது, 2024-இல் இந்தியாவுக்கு மட்டும் கட்டணம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. இரண்டும் அவர்கள் எடுத்த முடிவுகளே, நம் கையில் ஒன்றும் இல்லை. வரைந்தது நமக்கும் பிறருக்கும் சொந்தமாக இருக்க வேண்டுமானால் எவரும் திருத்தவும் பயன்படுத்தவும் கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையுங்கள். 2015 வெள்ளத்தின்போது நீர் தேங்கிய தெருக்களைச் சென்னை மக்கள் தாமே குறித்தது அந்த வரைபடத்தின் மேல்தான்.

எழுத்தர் எழுதியது:

தமிழ்ப் பெயர்கள் குறித்து எவரும் இன்னும் தொடவில்லை. எனக்கு அதிகம் தெரிந்த பகுதி இதுவே என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன்.

இன்றைய ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவும் கியூஜிஐஎஸ்ஸும் பொது எழுத்துக்குறி முறையான யூனிகோடில் உள்ள தமிழைத் திரையில் ஒழுங்காகவே காட்டுகின்றன. கோளாறு தொடங்குவது ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பில். எஸ்ரி உருவாக்கி 1998-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட வடிவம் அது. வணிக நிறுவனம் ஒன்று தன் வடிவத்தைத் திறந்து வைத்ததால் உலகமே அதைப் பற்றிக்கொண்டது, அதற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதன் பண்பு அட்டவணை அதற்கும் பழைய டிபேஸ் வடிவத்தில் அமைந்தது. கட்டத்தின் தலைப்பு பத்து பைட்டுக்கு (பைட் என்பது கணினிச் சேமிப்பின் சிறு அலகு) மேல் போகக் கூடாது. யூனிகோடைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுக்கும், புள்ளியும் துணைக்காலும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறியீடுகள். ஆகவே தமிழில் தலைப்பு வைத்தால் மூன்று குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். 'தெரு' என்ற சொல்லுக்கே நான்கு குறியீடுகள் வேண்டும்.

தலைப்பையாவது ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம், உள்ளே வரும் ஊர்ப்பெயரை என்ன செய்வது? புதுவண்ணாரப்பேட்டை என்பதை எண்ணிப் பாருங்கள். பதினெட்டுக் குறியீடுகள், அதாவது 54 பைட். ஆங்கிலப் பெயருக்குத் தாராளமாகப் போதுமே என்று கட்டத்தின் அகலத்தை 50 என வைத்தவரின் கோப்பில் கடைசி 'டை' வெட்டுப்பட்டு, 'புதுவண்ணாரப்பேட்' என்பதன் பின்னே ஒரு கேள்விக்குறியோ கட்டமோ நிற்கும். வண்ணாரப்பேட்டைக்கு 42 பைட் போதும் என்பதால் அது தப்பிவிடும். அதனால்தான் சோதனைக்கு நாலு பெயர்களைப் பார்த்தவருக்குக் குறை தெரிவதில்லை. எழுத்துமுறை எது என்று சொல்லும் சி.பி.ஜி. என்ற துணைக்கோப்பைக் கோப்போடு அனுப்ப மறந்தால் எல்லாப் பெயர்களும் சிதைந்து தோன்றக்கூடும்.

பழைய தரவுகளின் நிலை இன்னும் மோசம். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை கணினிக்குத் தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டவை. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் அத்தகைய கோப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும், இல்லையெனில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளிலும் 'காசிமேடு' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இதற்கு என் பரிந்துரை ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவம். 2014-இல் திறந்த தரமாக ஏற்கப்பட்டது, ஒரே கோப்பு, யூனிகோடு, தலைப்புக்குப் பத்து பைட் என்ற தளை இல்லை, ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவும் அதைப் படிக்கும், எழுதும். ஆனால் ஒரே நேரத்தில் ஒருவர்தான் அதில் எழுத முடியும் என்பதால் பலர் திருத்தும் வேலைக்கு அது ஆகாது. அதற்கு நெய்தல் அவர்கள் சொன்ன போஸ்ட்ஜிஐஎஸ்தான். கியூஜிஐஎஸ்ஸிலிருந்து பி.டி.எஃப். எடுக்கும்போது எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றும் தேர்வை வைத்துக்கொண்டால் அச்சகத்தில் கொம்பும் காலும் இடம் மாறாது.

சங்கிலி அளவர் எழுதியது:

ஓய்வுபெற்ற நிலஅளவர் நான். பிள்ளைகள் மென்பொருளை ஒப்பிடுவதைப் படித்து மகிழ்ந்தேன். அடியில் இருக்கும் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நிலஅளவைத் துறையின் எஃப்.எம்.பி. புலப்படம் என்பது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனியாக, மூலைவிட்டமும் குத்தளவும் கொண்டு வரைந்தது. அதில் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் கிடையாது. பக்கத்துப் பக்கத்துப் புலப்படங்களைச் சேர்த்துவைத்தால் ஓரங்கள் பொருந்தாமல் சில இடங்களில் விலகும், சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் மென்பொருள் நம் மாநிலத்தில் இந்தப் புலப்படங்களைக் கணினியில் ஏற்றுவதற்கு வழி செய்தது. ஆனால் ஏற்றியதைப் பூமியில் எங்கே வைப்பது என்பதை, இன்றும் இடம் மாறாமல் நிற்கும் கற்களைத் தேடிப் போய், துல்லியமான ஜி.பி.எஸ். கருவியான டி.ஜி.பி.எஸ். வைத்து அளந்துதான் சொல்ல முடியும். மூன்று கிராம எல்லைகள் சந்திக்கும் கல் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. மணலிப் பக்கம் மண் கொட்டி மேடாக்கிய இடங்களில் அந்தக் கற்கள் கிடைப்பது அரிது. அங்கே திரையில் பார்த்துச் 'சுமாராகப் பொருத்துவது' கூடவே கூடாது.

அடுத்தது டேட்டம், அதாவது ஆள்கூறுகளைக் கணக்கிடும் அடிப்படை. வில்லியம் லாம்டன் என்ற அளவர் 1802-இல் பரங்கிமலை அருகே அடித்தளக் கோட்டை அளந்து தொடங்கிய பெரும் அளவையின் வழியே வந்தவை நம் பழைய டோபோ ஷீட்டுகள் (அரசின் நிலஅமைப்பு வரைபடத் தாள்கள்). அவை பூமியின் வடிவத்துக்குக் கொண்ட எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். தருவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகப் பொது டேட்டத்தில். ஒன்றை மற்றொன்றாகச் சரியாக மாற்றாமல் அப்படியே மேலே போட்டால் சென்னைப் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். எண்ணூர்க் கழிமுகத்தில் அது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கையில் கழிமுகக் கரையோரக் கட்டுப்பாட்டு எல்லை 100 மீட்டர் அல்லது கழிமுகத்தின் அகலம், இரண்டில் எது குறைவோ அது என்று இருந்தது. 2019 அறிவிக்கையில் அது 50 மீட்டராயிற்று. டேட்டம் பிழை ஒன்றே அந்த முழு எல்லையையும் விழுங்கிவிடும். சதுப்பாக இருக்கும் இடம் தாளில் மேட்டுநிலமாகத் தெரியும், அதன் பாதிப்பை அனுபவிப்பவர்கள் காட்டுக்குப்பத்து மீனவர்கள்.

வணிக மென்பொருளோ இலவச மென்பொருளோ, எவரெஸ்ட் கோளவுருவை ஒட்டிய கல்யாண்பூர் டேட்டத்திலிருந்து மாற்றுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாய்பாடுகளை முன்னே வைக்கும். பட்டியலில் முதலில் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதைத் தேர்ந்தீர்கள் என்பதை வரைபடத்தின் ஓரத்தில் எழுதுங்கள். 2005 வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84-இலேயே இருக்கின்றன என்பதால் அவை கிடைக்கும் இடங்களில் அவற்றையே பயன்படுத்துங்கள்.

வடிகால் வரைவாளர் எழுதியது:

ஐயா சொன்னதையொட்டி வெள்ளம் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். வணிக மென்பொருளில் நீர்வழிக் கருவிகள் மிக அழகாக இருக்கின்றன. எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவை ஏற்றி, நாலைந்து கருவிகளை வரிசையாக ஓட்டினால், கண்ணைப் பறிக்கும் நீல நிறத்தில் வெள்ள வரைபடம் வந்துவிடும். ஆனால் 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுத்த அந்தத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர், அதற்கென வகுத்த உயரத் துல்லியம் 16 மீட்டர். நடைமுறையில் பிழை அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்றாலும், அது மீட்டர் கணக்கிலான பிழைதான், சென்டிமீட்டர் கணக்கில் அன்று. ரேடார் கூரைகளையும் மரங்களையும் சேர்த்தே அளந்திருக்கிறது. வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் நிலமே கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயர்ந்திருக்கிறது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் நிற்பதும் நிற்காததும் ஒரு சாணுக்கும் குறைவான உயர வேறுபாட்டில் முடிவாகும் செய்தி. அங்கே எஸ்.ஆர்.டி.எம். வைத்து வரைந்த வெள்ள வரைபடத்தை வார்டுக் கூட்டத்தில் காட்டுவது மக்களைத் தவறான வழியில் அனுப்புவதாகும்.

ஸ்பேஷியல் அனலிஸ்ட் நீட்சிக்கு ஒதுக்கும் தொகையில் உயர வேறுபாட்டை அளக்கும் ஆட்டோ லெவல் கருவியும் இரண்டு பேரும் தெருத்தெருவாகப் போய் வடிகாலின் அடிமட்டத்தை எடுத்து வந்தால், அந்த எண்களைக் கொண்டு கியூஜிஐஎஸ்ஸில் செய்யும் எளிய கணக்கு ஆயிரம் மடங்கு நம்பத்தக்கது. நான் வணிக மென்பொருளின் பக்கம் நிற்பவன்தான். இருந்தும் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கொற்றலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பேசிக் விலைப்புள்ளியில் டோபாலஜி இல்லை என்பதை உரிமையாளரிடம் காட்டினேன். விற்பனையாளரிடம் கேட்டு உறுதி செய்த பிறகு அதை ஒதுக்கிவைத்துவிட்டோம். வடிகால் தரவை போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் வைப்பது என்றும், பெரிய வலைப்பின்னல் வேலை கிடைத்தால் அந்த ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும் ஸ்டாண்டர்டு உரிமம் எடுத்து அதன் செலவை ஒப்பந்தத் தொகையிலேயே சேர்ப்பது என்றும் பேசியிருக்கிறோம். மீதமாகும் பணத்தில் ஒரு நல்ல டி.ஜி.பி.எஸ். கருவி வாங்கும் எண்ணம் இருக்கிறது.

ஒரு கேள்வி மட்டும் மீதம். சந்தா முடிந்த பிறகு ஃபைல் ஜியோடேட்டாபேஸ் என்ற எஸ்ரியின் கோப்பு வடிவில் இருப்பதைத் திறக்க முடியுமா? வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த வடிவத்தையே கேட்கிறார்கள்.

எழுத்தர் எழுதியது:

திறக்கலாம். கட்டற்ற ஜிடால் நிரல் நூலகம் நெடுங்காலமாகவே அதைப் படித்து வருகிறது. 2022 நவம்பரில் வந்த 3.6 பதிப்பிலிருந்து எழுதவும் செய்கிறது, கியூஜிஐஎஸ் அதன் மேல்தான் இயங்குகிறது. புள்ளி, கோடு, பரப்பு, பண்புகள் எல்லாம் வந்துவிடும். வராதவை டோபாலஜி விதிகளும் யூட்டிலிட்டி நெட்வொர்க்கின் இணைப்பு அறிவும் நீங்கள் உட்கார்ந்து அமைத்த வண்ணங்களும் தாள் வடிவமைப்பும். அவற்றை உரிமம் உயிரோடு இருக்கும்போதே தனி ஆவணமாக எழுதிவைக்க வேண்டும்.

பணி ஆணையிலும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்ட ஜியோடேட்டாபேஸோடு ஜியோபேக்கேஜ் படி ஒன்றும் தரப்படும், அதில் ஆள்கூறு முறை யூ.டி.எம். 44 வடக்கு, அதன் குறியெண் இ.பி.எஸ்.ஜி. 32644 எனவும், ஒவ்வொரு பொருளும் அளக்கப்பட்ட தேதியும் குறிக்கப்படும் என்று அந்த வரி இருக்கட்டும். தேதிக் கட்டம் நம் பகுதிக்கு மிகவும் தேவை. 2011-இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் உள்ளிட்ட உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபோது 155 வார்டுகள் 200 ஆயின. தேதி இல்லாத பழைய கோப்பில் வார்டு எண் 5 என்று இருந்தால் அது பழைய மாநகராட்சியின் ஐந்தா, கத்திவாக்கம் நகராட்சியின் ஐந்தா, இன்றைய ஐந்தா என்பதைக் களத்துக்குப் போய்த்தான் கண்டறிய வேண்டியிருக்கும்.